சுவரில் பூசணம்: யார் வீட்டுத் தண்ணீர்?



டிப்ளமா முடித்த கையோடு 1983-ல் ரயில்வேயில் சேர்ந்தேன். கட்டடப் பிரிவில் 38 ஆண்டுகள் வேலை பார்த்து 2021-ல் ஓய்வு பெற்றேன். நிலையக் கட்டடங்கள், மலைச்சரிவுத் தாங்கு சுவர்கள், ஊழியர் குடியிருப்புகள், இவைதாம் என் உலகம். "சுவர் ஈரம் காக்கிறது சார்" என்ற புகார் வராத மழைக்காலமே கிடையாது. அப்படிப்பட்ட நான், டோம்பிவிலியில் என் சொந்த வீட்டுச் சுவரைப் பார்த்துத் தப்புக் கணக்குப் போட்டேன். அதனால் ஒரு நல்ல மனுஷிக்குப் பன்னிரண்டு நாள் சொந்த வீட்டில் குளிக்க இடமில்லாமல் போயிற்று. இந்தக் கட்டுரை ஒரு விளக்கம் மட்டுமல்ல. ஒரு வகையில் என் ஒப்புதல் வாக்குமூலமும்கூட.

நடந்தது இதுதான்

2023-ம் வருடம், ஆடி மாதத்து இரண்டாம் வெள்ளிக்கிழமை. விளக்கேற்றும்முன் பட்டுப்புடவை எடுக்கலாம் என்று என் மனைவி இரும்பு பீரோவைத் திறந்தாள். திறந்தவுடன் ஒரு மக்கல் வாடை. அவளுடைய கூறைப்புடவையின் மடிப்பு நெடுக வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். தோல் செருப்பு வைத்திருந்த பெட்டியில் பச்சை. "ஏங்க, இங்கே வந்து பாருங்க" என்று அவள் கூப்பிட்ட குரலில் நான் ஓடினேன்.

பீரோவை இழுத்துப் பார்த்தால் பின்னால் இருந்த சுவர் முழுவதும் கறுப்பு. கை வைத்தால் ஈரம். அந்த ஒரு மாதமாக எங்களோடு பகலில் படுத்து உறங்கும் ஐந்து வயதுப் பேரனுக்கு விடாத இருமல். ராத்திரியில் மூச்சு 'வீசிங்' என்று இரண்டு முறை டாக்டரிடம் போய் வந்தாயிற்று. எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. தலைக்கு மேல் என்றால் உண்மையிலேயே தலைக்கு மேல்தான். எங்கள் அறைக்கு நேர் மேலே இருப்பது மேல் வீட்டின் குளியலறை.

மேல் வீட்டில் ஓய்வு பெற்ற மராத்திப் பள்ளி ஆசிரியை ஒருவர் தனியாக இருக்கிறார். கட்டடம் முழுவதும் அவரை மரியாதையாகப் 'பாயி' என்றுதான் கூப்பிடுவோம். நான் அன்றைக்கே மாடியேறிப் போய், "உங்கள் குளியலறை ஒழுகுகிறது, என் பேரனுக்கு மூச்சு இழுக்கிறது" என்றேன். "எனக்குத் தெரிந்து ஒழுகவில்லையே" என்றார். "நான் ரயில்வே இன்ஜினீயர், 38 வருடம் இதைத்தான் பார்த்தேன்" என்றேன். அதற்கு மேல் அவர் என்ன சொல்ல முடியும்? சொசைட்டி செயலாளரும் என் பேச்சை நம்பினார். பாயி தன் சேமிப்பிலிருந்து பணம் எடுத்துத் தளத்தை உடைத்து, நஹானி ட்ராப்பை மாற்றி, நீர்க்காப்புப் பூச்சுப் போட்டு, புது டைல்ஸ் பதித்தார். பன்னிரண்டு நாள் கொட்டுகிற மழையில் குடை பிடித்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தார்.

ஆவணி பிறந்தது. என் சுவரில் கறுப்பு குறையவில்லை. இன்னும் இரண்டு சாண் அகலமாகியிருந்தது.

ஊறுகாய் ஜாடி சொல்லும் பாடம்

பூசணம் என்றும் பூஞ்சை என்றும் பூஞ்சணம் என்றும் ஊருக்கு ஊர் சொல்வோம். அது வாழ என்ன வேண்டும் என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டியைப் போட்டால் பாட்டிமார் சும்மா விடுவார்களா? உப்பும் எண்ணெயும் இருக்கும்வரை வராத பூசணம், இரண்டு சொட்டுத் தண்ணீர் பட்டதும் வந்துவிடும். அதன் விதைத்துகள் எங்கிருந்தோ வருவதில்லை. அவை எல்லா வீட்டுக் காற்றிலும் எப்போதும் மிதந்துகொண்டேதான் இருக்கின்றன. அவை முளைக்க உணவு வேண்டும். சுவர்ப் பூச்சு, தூசு, மரம், தோல், காகிதப் பசை, துணியில் போட்ட கஞ்சி எல்லாமே அதற்கு உணவுதான். சூடு வேண்டும், நாம் சுகமாக இருக்கும் சூடே அதற்கும் சுகம். மூன்றாவதாகத் தண்ணீர் வேண்டும். முதல் இரண்டையும் நம்மால் நிறுத்த முடியாது. மூன்றாவதைத்தான் நிறுத்த முடியும்.

ஆகவே பூசணம் அழுக்கு அல்ல. அது ஒரு புகார் மனு. "இங்கே தண்ணீர் இருக்கிறது" என்று சுவர் எழுதிக் கொடுக்கும் மனு. அதைத் துடைப்பதும் அதன்மேல் பெயின்ட் அடிப்பதும் மனுவைக் கிழித்துப் போடுவதற்குச் சமம்.

நான் பிறந்த திருநெல்வேலிப் பக்கத்தில் இந்தத் தொல்லை குறைவு. மழை பெய்தால் மறுநாள் வெயில் வந்து சுவரை உலர்த்திவிடும். சென்னையிலும் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழைதான், நடுநடுவே வெயிலும் உண்டு. மும்பையிலோ ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கே மாதத்தில் 2,000 மி.மீ.க்கு மேல் கொட்டுகிறது. வாரக்கணக்கில் சூரியனைப் பார்க்க முடியாது. அதனால்தான் ஊரில் நாம் பழகிய வீட்டுப் பழக்கம் இங்கே போதுவதில்லை.

காற்றுக்குள் இருக்கும் தண்ணீர்

சில்லென்ற தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளர் வெளியே வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். டம்ளர் ஓட்டையா? இல்லை. அந்தத் தண்ணீர் காற்றிலிருந்து வந்தது. ஏ.சி. டாக்சியிலிருந்து இறங்கியதும் மூக்குக்கண்ணாடி மங்குகிறதே, அதுவும் இதேதான்.

சூடான காற்று அதிக நீராவியைத் தாங்கும். குளிர்ந்த காற்றால் முடியாது. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். அதையே 20 டிகிரிக்குக் குளிர வைத்தால் சுமார் 17 கிராம்தான் தாங்கும். மீதி 13 கிராம் எங்கே போகும்? பக்கத்தில் எது குளிர்ந்திருக்கிறதோ அதன்மேல் தண்ணீராகப் படியும். எந்த வெப்பநிலையில் படியத் தொடங்குகிறதோ அதைப் பனிநிலை என்பார்கள். மும்பையில் ஜூலை மாதக் காற்றுக்கு அது சுமார் 25 டிகிரி. அதாவது, உங்கள் வீட்டில் 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பும் ஈரமாகும். சொட்டுச் சொட்டாக நனையக்கூட வேண்டாம். சுவரை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் நாட்கணக்கில் 80 சதவிகிதத்துக்கு மேல் நின்றாலே பூசணத்துக்குப் போதும்.

இந்தத் தண்ணீரில் நாம் சேர்ப்பதும் உண்டு. மூச்சிலும் வியர்வையிலும் ஓர் ஆள் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லிட்டர் காற்றில் விடுகிறோம். உள்ளே உலர்த்தும் துணி, வெந்நீர்க் குளியல், குக்கர் ஆவி எல்லாம் கூட. பலருக்குத் தெரியாத ஒன்று: சமையல் எரிவாயு எரியும்போதும் தண்ணீர் உண்டாகிறது. ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது சுமார் 22 லிட்டர் தண்ணீர் உங்கள் சமையலறைக் காற்றில் கலந்திருக்கும்.

பென்சிலும் அலுமினியத் தாளும்

மேல் வீட்டுத் தளம் உடைத்தும் ஈரம் போகாதபோதுதான் எனக்கு என் தொழில் ஞாபகம் வந்தது. ஒரு பாலத்திலோ கட்டடத்திலோ விரிசல் கண்டால், அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதி வைப்போம். கண்ணாடி உடைந்தால் விரிசல் வளர்கிறது. உடையாவிட்டால் பழைய விரிசல். முதலில் கவனி, பிறகு உடை. இதுதான் நாங்கள் படித்த பாடம். வீட்டில் நான் அதைச் செய்யவில்லை.

அன்று பென்சிலால் கறையின் எல்லையைச் சுற்றிக் கோடு போட்டேன். கோடு போடும்போதே உண்மை தெரிந்துவிட்டது. கறை தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் தொடங்கி ஆறடியில் முடிந்திருந்தது. உத்தரத்தை அது தொடவே இல்லை! மேலிருந்து ஒழுகும் தண்ணீர் உத்தரத்தை நனைக்காமல் எப்படிக் கீழே வரும்? கறையின் இரண்டு பக்க ஓரமும் நேர்கோடு. சரியாக பீரோவின் அகலம். முதல் நாளே கண்ணில் பட்டிருக்க வேண்டியது. கோபம் மறைத்துவிட்டது.

பிறகு சமையலறையில் சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளில் ஒரு சாண் சதுரம் வெட்டி, சுவரில் அழுக்கைத் துடைத்து உலர்ந்த இடமாகப் பார்த்து ஒட்டி, நான்கு பக்கமும் டேப்பால் அடைத்து, பீரோவைப் பழைய இடத்திலேயே தள்ளி வைத்தேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் தாளின் வெளிப்பக்கம், அதாவது அறைப் பக்கம், முத்து முத்தாக நீர். பிரித்துப் பார்த்தால் சுவர்ப் பக்கம் உலர்ந்திருந்தது. தண்ணீர் சுவரிலிருந்து வரவில்லை. அறைக் காற்றிலிருந்து வந்து படிந்திருக்கிறது.

அந்தச் சுவருக்கு மறுபக்கம் என் மகனின் படுக்கையறை. அந்த மே மாதம்தான் அங்கே புதிதாக ஏ.சி. போட்டிருந்தான். இரவு முழுவதும் 20 டிகிரி. நடுவில் இருப்பது நாலரை அங்குலத் தடுப்புச் சுவர். எங்கள் அறையில் ஏ.சி. கிடையாது, ஜன்னல் திறந்தே இருக்கும். ஈரப்பத மானி ஒன்றும், தொடாமல் சூடு பார்க்கும் வெப்பமானி ஒன்றும் வாங்கி அதிகாலையில் அளந்தேன். எங்கள் அறைக் காற்று 28.5 டிகிரி, ஈரப்பதம் 87 சதவிகிதம். அதற்குப் பனிநிலை சுமார் 26. சுவரின் திறந்த பகுதி 26.5 டிகிரி, உலர்ந்திருந்தது. பீரோவுக்குப் பின்னால் 24 டிகிரி, நனைந்திருந்தது. அறைக் காற்று பீரோவின் பின்னால் போய்ச் சுவரைச் சூடாக்க வழியில்லை. ஆனால் காற்றிலுள்ள ஈரம் மெல்ல மெல்ல உள்ளே போகத் தடையில்லை. மொத்தத்தில் எங்கள் சுவர் ஒரு பெரிய ஐஸ் தண்ணீர் டம்ளராக இருந்திருக்கிறது. பாயியின் குளியலறைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

தண்ணீர் மூன்று வழியில் வரும்

உங்கள் வீட்டில் என் வீட்டுக் காரணமே இருக்க வேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் மூன்று வழிகள். ஒவ்வொன்றும் தன் அடையாளத்தை விட்டுச் செல்லும்.

முதலாவது கசிவு. வெளிச்சுவர் விரிசல், ஜன்னல் விளிம்பு, மொட்டைமாடித் தளம், மேல் வீட்டுக் குளியலறை, சுவருக்குள் போகும் குழாய், இவற்றிலிருந்து வருவது. கறைக்கு ஒரு மையம் இருக்கும். ஓரத்தில் பழுப்பு வளையம் தெரியும். மழை பெய்த மறுநாள் கூடினால் வெளிச்சுவரையோ தளத்தையோ பாருங்கள். மழையில்லாத ஏப்ரலிலும் ஈரம் இருந்தால் குழாயைச் சந்தேகியுங்கள். மேல் குளியலறை என்று தோன்றினால் உடைக்க வேண்டாம். நஹானி ட்ராப்பை அடைத்து, தளத்தில் இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி ஒரு நாள் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீரில் கொஞ்சம் சாயம் கலந்தால் இன்னும் நல்லது. செலவு ஒன்றுமில்லை. ஏ.சி. வைத்தவர்கள் அதன் வடிகுழாயையும் செம்புக் குழாய்மேல் சுற்றிய உறையையும் பாருங்கள். உறை கிழிந்தால் குழாயே வியர்த்துச் சுவருக்குள் சொட்டும்.

இரண்டாவது ஓதம். தரைத்தள வீடுகளில், பழைய சால்களில் அதிகம். அஸ்திவாரத்துக்கு மேல் நீர்த்தடைப் படலம் இல்லாவிட்டாலோ பழுதாகியிருந்தாலோ, மண்ணின் ஈரம் திரியில் எண்ணெய் ஏறுவது போலச் சுவரில் ஏறும். சுமார் மூன்றடி உயரம்வரை வந்து ஒரு கோடாக நிற்கும். வெள்ளையாக உப்புப் பூக்கும், பூச்சு பொரிந்து உதிரும். உப்பு பூசணம் அல்ல. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உப்பு கரையும், பூசணம் கரையாது.

மூன்றாவது நான் மேலே சொன்ன நீர்ப்படிவு. மூலைகளில், அலமாரிக்குப் பின்னால், காற்று ஓடாத இடங்களில், குளிர்ந்த பரப்பில் வரும். பழுப்பு வளையம் இருக்காது; மிளகுப் பொடி தூவியது போலப் புள்ளி புள்ளியாக இருக்கும்.

அலுமினியத் தாள் சோதனை இவற்றைப் பிரித்துக் காட்டும். அறைப் பக்கம் நனைந்தால் நீர்ப்படிவு. சுவர்ப் பக்கம் நனைந்தால் கசிவு அல்லது ஓதம். இரண்டு பக்கமும் நனைந்தால் இரண்டு நோயும் உண்டு.

என்ன செய்யலாம்?

ரயில் பாதைக்கு மூன்று பராமரிப்பு வேண்டும், முதலாவது வடிகால், இரண்டாவது வடிகால், மூன்றாவதும் வடிகால் என்று எங்கள் மூத்த அதிகாரிகள் வேடிக்கையாகச் சொல்வார்கள். மலைச்சரிவில் கட்டும் தாங்கு சுவரில் வரிசையாக ஓட்டைகள் விட்டிருப்பதை லோனாவ்லா பக்கம் போகும்போது பார்த்திருப்பீர்கள். வீப் ஹோல் என்போம். தண்ணீரை மல்லுக்கட்டித் தடுக்காதே, போக வழி விடு என்பதே அதன் தத்துவம். வீட்டுக்கும் அதுவேதான்.

ஏ.சி. வைத்திருந்தால் மழைக்காலத்தில் 26 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள்; மின்விசிறியும் சேர்த்துப் போடுங்கள். உலர் முறை என்ற பொத்தான் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். ஏ.சி. ஓடும் அறையின் கதவு ஜன்னலை மூடியே வையுங்கள்; பாதி திறந்து வைத்தால் வெளி ஈரம் உள்ளே வந்து படியும்.

பீரோ, கட்டில், புத்தக அலமாரி எதையும் சுவரோடு ஒட்டாதீர்கள். நான்கு அங்குல இடைவெளி விடுங்கள். ஏ.சி. அறையின் தடுப்புச் சுவரிலும் மழை அடிக்கும் வெளிச்சுவரிலும் பீரோவையே வைக்காமலிருப்பது உத்தமம்.

சமைக்கும்போதும், முடிந்து கால் மணி நேரம்வரையிலும் எக்ஸாஸ்ட் விசிறி ஓடட்டும். குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு அங்கேயும் அப்படியே. ஈரத்துணியைப் படுக்கையறைக் கொடியில் போடாதீர்கள். வேறு இடமில்லை என்றால் ஒரே அறையில் போட்டு, விசிறி வைத்து, ஜன்னலைத் திறந்து விடுங்கள்.

சில நூறு ரூபாய்க்கு ஈரப்பத மானி கிடைக்கிறது. அதைக் கூடத்தில் மாட்டாதீர்கள்; பீரோவுக்குப் பின்னால் வைத்துப் பாருங்கள். நோய் இருக்கும் இடத்தில்தானே நாடி பிடிக்க வேண்டும்?

பூசணத்தைச் சுத்தம் செய்யும்போது உலர்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள். துகள் வீடு முழுவதும் பறக்கும். முகக் கவசமும் கையுறையும் அணிந்து, சோப்புப் பொடி கரைத்த தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்து, உடனே உலர்த்துங்கள். துடைத்த துணியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். குழந்தைகளும் ஆஸ்துமாக்காரர்களும் அந்த அறையில் இருக்கக் கூடாது. ப்ளீச்சிங் திரவத்தைக் கழிவறை கழுவும் ஆசிடோடு ஒருபோதும் கலக்காதீர்கள். உயிருக்கு ஆபத்தான குளோரின் வாயு கிளம்பும்.

பட்டுப்புடவையை நிழலில் விரித்துக் காற்றாட விட்டு, மென்மையான தூரிகையால் வீட்டுக்கு வெளியே தட்டி, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம். அது உள்ளேயிருக்கும் ஈரத்தைச் சிறை வைக்கும். அந்துருண்டை பூச்சிக்குத்தான். ஈரத்தை அது உறிஞ்சாது.

என்ன செய்யக் கூடாது?

ஈரச் சுவரின்மேல் பெயின்ட் அடிக்கக் கூடாது. என் நண்பர்கள் பலர் தீபாவளிக்கு அடித்த பெயின்ட் அடுத்த ஆடியில் கொப்புளித்து உரிவதைப் பார்த்திருக்கிறேன். வெளிச்சுவர், மொட்டைமாடி வேலைகளைப் பிப்ரவரி முதல் மே வரை, சுவர் உலர்ந்திருக்கும் காலத்தில் செய்து முடியுங்கள். கசியும் சுவருக்கு உள்பக்கம் மட்டும் நீர்க்காப்புப் பூச்சு அடித்தால் தண்ணீர் நின்றுவிடாது. வேறு இடத்தில் தலைகாட்டும்.

பழைய ரயில்வே குடியிருப்புகளில் ஆண்டுதோறும் அடித்த சுண்ணாம்பை நாம் ஏளனமாக நினைத்தோம். சுண்ணாம்பின் காரம் பூசணத்துக்கு ஆகாது. சுவரும் மூச்சு விடும். எல்லோரும் சுண்ணாம்புக்குத் திரும்புங்கள் என்று சொல்லவில்லை. பளபளப்பான பூச்சு வந்த பிறகு சுவருக்குக் காற்றோட்டம் இன்னும் முக்கியம் என்கிறேன்.

"ஜன்னலைத் திற, ஈரம் போய்விடும்" என்ற பொது உபதேசத்தையும் யோசித்துத்தான் ஏற்க வேண்டும். என் மைத்துனர் டில்லியில் இருக்கிறார். அங்கே ஜனவரியில் வெளிச்சுவர் குளிர்ந்திருக்கும். கதவடைத்த அறைக்குள் நம் மூச்சும் வெந்நீர் ஆவியும் அதன்மேல் படியும். வெளிக்காற்றில் நீராவி குறைவு என்பதால், பகலில் கொஞ்ச நேரம் ஜன்னலைத் திறந்தால் அறை உலரும். மும்பை ஜூலையில் வெளிக்காற்றே நீர் சுமந்து நிற்கிறது. குளிர்ந்த அறையின் ஜன்னலைத் திறந்தால் தண்ணீரை அழைத்து உட்கார வைத்த மாதிரிதான். சமையல் ஆவியை வெளியேற்றத் திறக்கலாம், ஏ.சி. அறையைத் திறக்கக் கூடாது. ஊரையும் மாதத்தையும் பார்த்து வைத்தியம் செய்ய வேண்டும்.

இது அழகுப் பிரச்சினை மட்டுமல்ல. உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட வழிகாட்டியில், ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் வசிப்போருக்கு மூச்சுத் தொல்லையும் ஆஸ்துமாவும் வரும் அபாயம் கூடுதல் என்று சொல்லியிருக்கிறது. இந்த அளவுவரை பூசணம் இருக்கலாம் என்று அது எந்த எல்லையும் வகுக்கவில்லை. ஈரத்தைத் தடுப்பதே வழி என்கிறது.

என் வீடும் என் கணக்கும்

மகன் ஏ.சி.யை 26-ல் வைத்தான். பீரோ எதிர்ச்சுவருக்குப் போயிற்று, நான்கு அங்குலம் தள்ளி. சுவரைத் துடைத்து, மழை முடிந்து பிப்ரவரிவரை உலர விட்டு, பிறகுதான் பெயின்ட் அடித்தோம். 2024 மழைக்காலம் வந்து போனது. சுவர் வெள்ளையாகவே இருந்தது. பேரனுக்கு டாக்டர் கொடுத்த மருந்தை நாங்கள் நிறுத்தவில்லை, நிறுத்தவும் கூடாது. ஆனால் அந்த மழையில் அவனைத் தூக்கிக்கொண்டு நள்ளிரவில் ஓட வேண்டியிருக்கவில்லை. கூறைப்புடவையில் இரண்டு புள்ளி போகவில்லை. மனைவி அதைக் கொசுவத்துக்குள் மறைத்துக் கட்டிக்கொள்கிறாள்.

இன்னொரு பழைய கணக்கும் அப்போது நினைவுக்கு வந்தது. வேலையில் சேர்ந்த சில ஆண்டுகளில், மலைப்பகுதி நிலையம் ஒன்றின் குடியிருப்பில் பாதை பராமரிப்பு ஊழியரின் மனைவி சுவர் ஈரம் என்று புகார் சொன்னார். வீட்டுக்குள் கொடி கட்டித் துணி உலர்த்தியிருந்ததைப் பார்த்தேன். "நீங்கள் துணி போடுவதால்தான் அம்மா" என்று சொல்லி, புகாரை முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அடுத்த மழையில் பின்புறம் போய்ப் பார்த்தபோதுதான் மலைப் பக்கத்துச் சாக்கடை மண் மூடி, தண்ணீர் சுவரில் சாய்ந்து நிற்பது தெரிந்தது. அந்த அம்மா ஒரு வருடம் கைக்குழந்தையோடு அந்த அறையில் படுத்திருக்கிறார்.

அன்றைக்கு வெளியிலிருந்து வந்த தண்ணீருக்கு உள்ளே இருந்தவரைக் குற்றம் சொன்னேன். இன்றைக்கு உள்ளே இருந்த தண்ணீருக்கு மேலே இருந்தவரைக் குற்றம் சொன்னேன். இரண்டு தடவையும் மனிதரைக் கேட்டேன், சுவரைக் கேட்கவில்லை.

பாயியிடம் போனேன். அலுமினியத் தாளையும் கையோடு கொண்டுபோய், நடந்ததை மறைக்காமல் சொல்லி, செலவான பணத்தை ஒரு உறையில் போட்டு நீட்டினேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு உறையைத் திறந்து பாதியை எடுத்துக்கொண்டு, "டைல்ஸ் பழசுதான், என்றைக்காவது மாற்றியிருப்பேன்" என்று மீதியைத் திருப்பிக் கொடுத்தார். டீ போட்டுத் தந்தார். நான் கிளம்பும்போது, "என் தங்கை வீட்டிலும் சுவர் கறுத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள். ஆனால் எதையும் உடைக்கச் சொல்லாதீர்கள்" என்றார்.

போனேன். பையில் பென்சிலும் அலுமினியத் தாளும் டேப்பும் மட்டுமே எடுத்துப் போனேன். வாசகர்களே, இந்த மழைக்காலத்தில் உங்கள் வீட்டுச் சுவர் கறுத்தால், மாடிப்படி ஏறுவதற்கு முன் இரண்டே இரண்டு நாள் பொறுத்திருந்து அந்தத் தாளை ஒட்டிப் பாருங்கள்.